கிராண்ட், லீ – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிய உங்கள் குறிப்பில், தெற்கின் ராபர்ட் லீயைவிட வடக்கின் யுலிசஸ் கிராண்ட்தான் பெரிய தளபதி என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். நான் படித்தவரை கிராண்ட் ஒரு குடிகாரர். வீரர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாகக் கொடுத்ததால் ‘கசாப்புக்காரர்’ என்று அவர் நாட்டினரே அழைத்திருக்கிறார்கள். வடக்கிடம் ஆளும் பணமும் இருந்தன, அதனால் ஜெயித்தார். போருக்குப் பின் ஜனாதிபதியாகி ஊழல்வாதிகளை வளர்த்தார். இந்த மனிதரிடம் அப்படி என்னதான் இருக்கிறது? அவரைப் பற்றிப் படிக்க எங்கிருந்து தொடங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

குடியை முதலில் முடித்துவிடுகிறேன். 1854-ல் கலிஃபோர்னியாவில் மனைவி, பிள்ளைகளைப் பிரிந்து ஒரு கோட்டையில் கிடந்த காலத்தில் குடித்தார், ராணுவத்திலிருந்து விலகினார், அந்தப் பேச்சு சாகும்வரை அவரை விடவில்லை. போர்க்காலத்திலும் சில முறை குடித்திருக்கலாம். ஆனால் குடியால் அவர் தோற்ற ஒரு சண்டையை யாரும் காட்டியதில்லை. (“கிராண்ட் எந்த விஸ்கி குடிக்கிறார் என்று சொல்லுங்கள், மற்ற தளபதிகளுக்கும் அனுப்புகிறேன்” என்று லிங்கன் சொன்னதாக ஒரு கதை உலவுகிறதே, அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.)

கசாப்புக்காரர் என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. 1864 மே, ஜூனில் வர்ஜீனியாவில் கிராண்ட் இழந்தது ஏறத்தாழ 55,000 பேர், இறந்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர் எல்லாம் சேர்த்து. லீ இழந்தது முப்பதாயிரத்துச் சொச்சம். ஆனால் லீயிடம் இருந்த படையே கிராண்டுடையதில் பாதி அளவுதான், ஆகவே விகிதம் பார்த்தால் இருவரும் கிட்டத்தட்ட ஒரே விலையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். 1863 கெட்டிஸ்பர்க் சண்டையின் மூன்றாம் நாள் திறந்த வெளியில் பன்னிரண்டாயிரம் பேரை எதிரியின் பீரங்கிக்கு முன்னால் நடக்கவிட்டு, பாதிப் பேரைப் பறிகொடுத்த லீயை யாரும் கசாப்புக்காரர் என்பதில்லை. அவர் கனவான், வெள்ளைத் தாடி, நல்ல குதிரை. தோற்றவர்களின் கதையைத் தோற்றவர்களே பல ஆண்டுகள் எழுதினார்கள் என்பதும் ஒரு காரணம்.

கோல்ட் ஹார்பர் சண்டைக்கு மட்டும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 1864 ஜூன் 3 காலையில் அரண்களுக்குள் பதுங்கியிருந்த படைமீது நேராக மோதவிட்டு ஆயிரக்கணக்கானோரை இழந்தார், அதற்காக எப்போதும் வருந்தியதாக அவரே எழுதியிருக்கிறார். அதைவிட மோசம் அப்புறம் நடந்தது. இரு அணிகளுக்கும் நடுவில் காயம்பட்டவர்கள் தண்ணீருக்குக் கதறிக்கொண்டு கிடக்க, சண்டை நிறுத்தத்தை யார் எந்த முறையில் கேட்பது என்று கிராண்டும் லீயும் நாள்கணக்கில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஏழாம் தேதிதான் ஆட்கள் போக முடிந்தது, அதற்குள் பெரும்பாலானோர் செத்துவிட்டார்கள். இருவருக்கும் அதில் பங்குண்டு.

ஆனால் இதே மனிதருக்கு ரத்தத்தைப் பார்க்க முடியாது. அப்பாவின் தோல் பதனிடும் தொழிலைச் சிறு வயதிலேயே வெறுத்தவர். இறைச்சி கருகும்வரை வேகாவிட்டால் தொட மாட்டார். அதே 1864 படையெடுப்பின் நடுவில், குதிரையை முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரனைப் பார்த்து ஆத்திரப்பட்டு, ஆறு மணி நேரம் மரத்தில் கட்டிவைக்கச் சொன்னார். அவர் நிதானம் இழந்து கூடவிருந்தவர்கள் பார்த்தது அபூர்வம்.

ஆள்பலம் இருந்ததால் ஜெயித்தார் என்கிறீர்கள். அதே ஆள்பலம் அவருக்கு முன்னால் வர்ஜீனியாவில் தலைமை தாங்கிய மெக்லெல்லனிடமும் ஹூக்கரிடமும் இருந்ததே? 1863-ல் விக்ஸ்பர்க்கைப் பிடித்த விதத்தைப் பாருங்கள். மிசிசிப்பி ஆற்றங்கரை மேட்டில் இருக்கும் கோட்டை நகரம் அது, வடக்கிலிருந்து நெருங்க வழியில்லை, குளிர்காலம் முழுக்கச் சதுப்பிலும் கால்வாய் வெட்டுவதிலும் வீணானது. ஏப்ரலில் கப்பல்களை இரவோடு இரவாகக் கோட்டையின் பீரங்கிகளுக்குக் கீழே ஓட்டிக் கொண்டுபோய், படையைத் தெற்கே இறக்கி ஆற்றைக் கடந்தார். வேண்டாம் என்று நண்பர் ஷெர்மனே எச்சரித்திருந்தார். அங்கிருந்து நேராக விக்ஸ்பர்க்குக்குப் போகாமல், உணவுக்கு அந்தந்த ஊரை நம்பிக்கொண்டு கிழக்கே ஜாக்சன் நகரத்துக்குப் போனார். எதிரிப் படைகள் இரண்டாகப் பிரிந்திருந்தன, சேர்ந்துவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வார், சேரவே விடவில்லை. மே 1 முதல் 17-க்குள் ஐந்து சண்டை, ஐந்திலும் வெற்றி, பிறகு முற்றுகை, ஜூலை 4 அன்று ஏறத்தாழ 29,000 பேர் சரண். இது ஆள்பலத்தால் வந்தது இல்லை. டோனல்சன் கோட்டை, விக்ஸ்பர்க், கடைசியில் அப்பமாட்டக்ஸ் என்று முழுதாக மூன்று படைகளைச் சரணடைய வைத்தவர் அந்தப் போரில் இவர் ஒருவர்தான்.

சரி, என்னதான் இருந்தது அவரிடம்? சிறு வயதிலிருந்தே அவருக்கு ஒரு மூடநம்பிக்கை, அவரே சொல்வது: ஓர் இடத்துக்குக் கிளம்பி வழி தவறிவிட்டால், வந்த வழியே திரும்ப மாட்டார், முன்னால் ஏதாவது குறுக்குச் சாலை வரும்வரை போய்க்கொண்டே இருப்பார். 1864 மே மாதம் வில்டர்னஸ் காட்டுச் சண்டையில் இரண்டு நாளில் பெரும் இழப்பு. இதற்கு முந்தைய தளபதிகள் இப்படி அடிவாங்கியதும் வடக்கே பின்வாங்கி மாதக்கணக்கில் ஓய்வெடுப்பார்கள். மே 7 இரவு படை ஒரு சந்திப்புக்கு வந்தபோது கிராண்டின் குதிரை தெற்கே திரும்பியது. தெற்கே போனால் இன்னும் சாவுதான் என்று தெரிந்தும் வீரர்கள் ஆரவாரம் செய்தார்கள். எதிரிக்குத் தெரியக் கூடாதென்று அவர்களை அடக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, அவரிடம் இழக்க எதுவும் மிச்சமில்லை. செயின்ட் லூயிஸ் பக்கம் விவசாயம் செய்து நொடித்தவர், தெருவில் விறகு விற்றவர், 1857 கிறிஸ்துமஸுக்கு 22 டாலருக்குத் தன் கடிகாரத்தை அடகு வைத்தவர். அந்த வறுமையிலும், மாமனார் குடும்பத்திலிருந்து கைக்கு வந்த வில்லியம் ஜோன்ஸ் என்ற அடிமையை விற்காமல் 1859-ல் விடுதலை செய்தார். போர் வந்தபோது கலீனாவில் அப்பாவின் தோல் கடையில் தம்பிகளுக்குக் கீழே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மெக்லெல்லன் பெயர் கெட்டுவிடுமோ என்று ஒவ்வொரு அடியையும் அளந்து வைத்தார். கிராண்டுக்குக் கெட்டுப்போகப் பெயரே இல்லை. மிசௌரியில் தன் முதல் படையெடுப்பில், ஹாரிஸ் என்ற எதிரித் தளபதியின் முகாமை நெருங்கியபோது இதயம் தொண்டைக்கு வந்துவிட்டதாக எழுதுகிறார். மேட்டில் ஏறிப் பார்த்தால் முகாம் காலி. நான் அவனுக்குப் பயந்த அளவுக்கு அவனும் எனக்குப் பயந்திருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்ததாம், அதற்குப் பிறகு மறக்கவே இல்லை.

ஜனாதிபதிக் காலம் பற்றி நீங்கள் சொல்வது பெருமளவு சரி, ஆனால் பாதி. கறுப்பர்களைத் தாக்கி வந்த கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறிக் கும்பலை 1871 சட்டத்தைக் கொண்டு ஒடுக்கியது அவர் அரசுதான். ஊழலும் இருந்தது. விஸ்கி வரி மோசடியில் சிக்கிய தன் செயலாளர் பாப்காக்குக்காக ஜனாதிபதியே சாட்சியம் கொடுத்தார். கிளம்பிய வழியில் திரும்பாத அதே குணம்தான் இதுவும், நண்பன் என்று ஒருவரை ஏற்றுக்கொண்டால் அப்புறம் சந்தேகப்படத் தெரியாது. 1884-ல் ஃபெர்டினாண்ட் வார்ட் என்ற கூட்டாளி மொத்தப் பணத்தையும் சுருட்டினான், அவன் பேச்சை நம்பி பெரும் பணக்காரர் வாண்டர்பில்ட்டிடம் வாங்கிய 1,50,000 டாலர் கடனும் போனது. 1862 டிசம்பரில் தன் படைப் பகுதியிலிருந்து யூதர்களை வெளியேற்றச் சொல்லி அவர் போட்ட உத்தரவுக்கு மட்டும் இந்தச் சமாதானம்கூடக் கிடையாது, அது அப்பட்டமான அநியாயம், லிங்கன் சில வாரங்களில் ரத்து செய்தார்.

லீயோடு ஒப்பிட வேண்டுமென்றால், அப்பமாட்டக்ஸில் லீ சரணடைந்த 1865 ஏப்ரல் 9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லீ புத்தம் புதுச் சீருடையில் வந்தார், கிராண்ட் சேறு படிந்த சாதாரணச் சிப்பாய்ச் சட்டையில். யாரையும் சிறையில் அடைக்கவில்லை, குதிரை வைத்திருப்பவர்கள் உழவுக்குக் கொண்டுபோகட்டும் என்றார், பட்டினி கிடந்த லீயின் ஆட்களுக்கு 25,000 பேருக்கான உணவு அனுப்பினார், தன் படை வெற்றிக் குண்டு போட ஆரம்பித்ததும் நிறுத்தச் சொன்னார். பின்னால் லீமீது தேசத்துரோக வழக்கு என்று பேச்சு வந்தபோது, கொடுத்த வாக்கை மீறினால் பதவி விலகுவேன் என்று ஜனாதிபதி ஜான்சனிடமே மல்லுக்கு நின்றார்.

படிக்க அவருடைய நினைவுக் குறிப்புகளிலிருந்தே தொடங்குங்கள். தொண்டைப் புற்றுநோயோடு, குடும்பத்துக்குப் பணம் சேர்க்க எழுதியது, மார்க் ட்வைன் பதிப்பித்தார், முடித்த சில நாள்களில் 1885 ஜூலை 23 அன்று இறந்தார். முதலில் மெக்சிகோ போர்ப் பகுதியைப் படியுங்கள். தான் கலந்துகொண்ட அந்தப் போரே அநியாயமானது என்று அங்கே சொல்கிறார். ஜனாதிபதி ஆண்டுகள் அதில் கிடையாது, 1865-ஓடு நின்றுவிடும். அதற்கு வேறு ஒரு வாழ்க்கை வரலாற்றைத் தேட வேண்டியிருக்கும்.