குட்டை வெட்டினால் போதுமா?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து மீன் குட்டை போடலாம் என்று இருக்கிறோம். மானியம் பற்றி ஆளாளுக்குச் சொல்கிறார்கள், மீன் வளர்ப்பை எங்கே கற்றுக்கொள்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அதற்கு அரசு செலவு செய்கிறதா?
- வாசகி, ஒரத்தநாடு

பதில்: செய்கிறது சகோதரி. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு 60 சதவீதம் வரை மானியம், பொதுப் பிரிவினருக்கு 40 என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. ஆனால் கே.வி.கே. என்கிறோமே, அந்த வேளாண் அறிவியல் நிலையங்கள் மத்திய அரசின் பணத்தில் நடப்பவை, அங்கே மீன் வளர்ப்பும் சொல்லித் தருவார்கள் என்பது பலருக்குத் தெரியாது. நாட்டின் முதல் நிலையமே 1974-ல் புதுச்சேரியில்தான் வந்தது. நாகப்பட்டினம் பக்கம் சிக்கலில் இருப்பதை மீன்வளப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. உங்களுக்கு அதைவிடப் பக்கம், அதே பல்கலைக்கழகத்தின் சூரக்கோட்டை மையம்.

போகும்போது ஒன்று கேளுங்கள்: குட்டைக் கரையில் நிற்க வைத்துச் சொல்லித் தருவது என்றைக்கு? கூடத்தில் உட்கார்ந்து திரையில் படம் பார்த்துவிட்டு, சான்றிதழோடு வந்து குஞ்சு விட்டு நஷ்டப்பட்டவர்களை எனக்குத் தெரியும். கரையில் கற்பது வேறு. கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விடுங்கள். உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால் இரை குறைவு, சாணம் போட வேண்டும். முழங்கை நனைவதற்கு முன்பே கை மறைந்துவிட்டால் பச்சைப் பாசி மிஞ்சிவிட்டது, சாணத்தை நிறுத்துங்கள். அப்படிப்பட்ட தண்ணீரில் ராத்திரி முழுக்கப் பாசியும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுப்பதால், விடிவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள்.

அப்புறம், சீக்கிரம் பெருக்கும் என்று யாராவது ஆப்பிரிக்கக் கெளுத்திக் குஞ்சு கொண்டுவந்தால் வாங்காதீர்கள், அதற்குத் தடை இருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் போதும்.

கேள்வி: இறால் பண்ணைக்காரர் லாபத்துக்குத் தொழில் செய்கிறார். அவருக்குப் பாடம் நடத்த என் வரிப்பணம் எதற்கு?
- வாசகர், சேலம்

பதில்: நியாயமான கேள்விதான். ஆனால் இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோய் அவர் வரப்போடு நிற்காது. நோய் கண்ட குட்டையைக் குளோரின் போட்டுச் சுத்தம் செய்யாமல் ஒருவர் ஓடையில் திறந்துவிட்டால், அதே ஓடையில் மோட்டார் வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அது போய்ச் சேரும். 1990-களில் நம் கரையோரம் அதை அனுபவித்தது. சின்னப் பண்ணைக்காரரால் சம்பளம் கொடுத்து நிபுணர் வைத்துக்கொள்ள முடியாது. அரசு போகாவிட்டால் மருந்துக் கடைக்காரர்தான் அவருக்கு வாத்தியார், அவர் சொல்வது தான் விற்கிற மருந்தைச் சுற்றித்தான் இருக்கும். ஆன்டிபயாட்டிக் கலந்த இறாலை வெளிநாட்டில் திருப்பி அனுப்பினால் நஷ்டம் ஒருவரோடு போகாது.

கேள்வி: பண்ணைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், சரி. பண்ணைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எங்களுக்கு யார் சொல்வது? கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது.
- வாசகர், வேதாரண்யம்

பதில்: எனக்கும் இதுதான் பெரிய ஆதங்கம். நம் கரையோர மக்களுக்காகக் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் வழக்குப் போட்டு, 1996-ல் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்ன பிறகும், பயிற்சி என்றால் தொழில் செய்பவருக்கு மட்டும் என்றே பணம் ஒதுக்கினால் எப்படி? சுற்றியிருக்கும் ஊருக்கும் அதில் பங்கு வேண்டும், கிராம சபையிலேயே வந்து சொல்ல வேண்டும்.

இப்போதைக்கு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை: 2005-ன் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி கரையோரப் பண்ணை ஒவ்வொன்றும் பதிவு செய்திருக்க வேண்டும். விளைநிலத்தை இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்று வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. பதிவு மனுக்களைப் பார்க்கும் மாவட்டக் குழுவுக்குத் தலைவர் கலெக்டர். அந்தப் பண்ணைக்குப் பதிவு உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்த தாளையும் இணைத்து மனுக் கொடுங்கள். பண்ணை நிலத்தின் சர்வே எண்ணை எழுத மறந்துவிடாதீர்கள்.