நொறுங்குவது வேறு, மக்குவது வேறு: பாலிமர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி 'மக்குமா?' என்பதில்தான் வந்து நின்றன. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: பாலிமர் என்றாலே பிளாஸ்டிக்தானா?

இல்லை. சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியானால் அது பாலிமர். பருத்தி, மரம், பட்டு எல்லாமே இயற்கை செய்த பாலிமர்கள். மாவுச்சத்தும் செல்லுலோஸும் குளுக்கோஸைக் கோத்த சங்கிலிகளே. ஆனால் மாவுச்சத்து நமக்குச் செரிக்கும், செல்லுலோஸ் செரிக்காது. மணியான குளுக்கோஸ் ஒன்றுதான், மணிகளைச் சேர்க்கும் முடிச்சு (பிணைப்பு) வேறு. எந்தப் பாலிமரானாலும் அது மக்குமா என்று தெரிய வேண்டுமானால் அந்த முடிச்சைத்தான் பார்க்க வேண்டும். அதை அவிழ்க்கும் நொதி (என்சைம்) ஏதாவது ஓர் உயிரிடம் இருக்க வேண்டும்.

கேள்வி: வெயிலில் கிடந்த பழைய வாளி தொட்டதும் பொலபொலவென்று உதிர்கிறது. அப்படியானால் அது மக்கிக்கொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பலரும் ஏமாறும் இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாளி பெரும்பாலும் பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன். இரண்டின் முதுகெலும்பும் கார்பனோடு கார்பன் சேர்ந்த வரிசை. நொதி பற்றிக்கொள்ள அதில் பிடி எதுவும் இல்லை. வெயிலுக்கோ வேறு வழி உண்டு. தயாரிப்பின்போது சங்கிலியில் தங்கிவிட்ட சிறு குறைகள் புற ஊதாக் கதிரை உறிஞ்சுகின்றன. அங்கே ஒரு பிணைப்பு அறுந்து, காற்றின் ஆக்சிஜன் உள்ளே புகுகிறது. ஓர் அறுப்பு அடுத்த அறுப்பைக் கிளப்பிவிடும். பாலிபுரொப்பிலீனில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் எளிதில் கழன்றுவிடும் ஹைட்ரஜன் இருப்பதால் அது இன்னும் சீக்கிரம் கெடும். இதைத் தள்ளிப்போடத்தான் நிலைப்படுத்திகள் சேர்க்கிறார்கள். வெளியில் போடும் குழாய்கள் பல கறுப்பாக இருப்பதும் இதனால்தான்: அதிலுள்ள கரித்தூள் கதிரைத் தானே வாங்கிக்கொள்கிறது.

ஒரு பொருளுக்கு வலுவைத் தருவது நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான். சங்கிலி குட்டையானால் பின்னல் விட்டுப்போகும், வாளி உதிரும். ஆனால் உதிர்ந்த தூளும் பிளாஸ்டிக்தான். நுண்ணுயிர் தின்று கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றினால்தான் அது மக்குதல். இங்கே நடந்தது, ஒரு பெரிய குப்பை எண்ண முடியாத சிறு குப்பைகளானது மட்டுமே. 2004-ல் கடல் ஆய்வாளர் ரிச்சர்ட் தாம்சன் குழுவின் கட்டுரைக்குப் பிறகு 'மைக்ரோ பிளாஸ்டிக்' என்ற பெயரில் உலகம் பேசத் தொடங்கியது இத்தகைய துகள்களைத்தான். இன்று 5 மில்லிமீட்டருக்குக் குறைவானவற்றை அப்படி அழைக்கிறோம். வாளியின் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புபோலப் பூத்தால், அது உதிரத் தொடங்கும் முன்பே எடுத்து அப்புறப்படுத்திவிடுங்கள். உதிர்ந்தபின் பொறுக்கவே முடியாது.

கேள்வி: 'மக்கும் பை' என்று அச்சடித்திருந்தால் நம்பலாமா?

எங்கே மக்கும் என்று கேளுங்கள். இத்தகைய பைகளில் பயன்படும் பாலிலாக்டிக் அமிலம் என்ற பாலிமரின் சங்கிலியில், ஆக்சிஜன் இடையில் வரும் 'எஸ்டர்' முடிச்சுகள் உண்டு, அவற்றை நீர் அறுக்கும். ஆனால் அது வேகமாக நடக்க 60 டிகிரியை ஒட்டிய சூடும் ஈரமும் வேண்டும். பெரிய உரம் தயாரிக்கும் நிலையங்களில் அது கிடைக்கும், கடல்நீரில் கிடைக்காது. அப்புறம், சாதாரண பாலித்தீனில் உலோக உப்பைக் கலந்து 'ஆக்சோ' வகை என்று விற்பதும் உண்டு. அது வாளியின் கதையை வேகமாக ஓட்டுவதுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் இயற்றிய சட்டத்தில் அதைத் தடை செய்தது. சரியான முடிவு என்பேன்.

கேள்வி: முக்கோணத்துக்குள் எண் இருந்தால் மறுசுழற்சி ஆகிவிடும்தானே?

அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. 1 என்றால் பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), 3 என்றால் பிவிசி, 5 என்றால் பாலிபுரொப்பிலீன். வேறு வேறு பாலிமர்கள் உருகினாலும் எண்ணெயும் நீரும்போல விலகியே நிற்கும், அதனால் கலந்து உருக்கினால் வலுவிருக்காது. 2015 வரை உருவான பிளாஸ்டிக் கழிவில் மறுசுழற்சிக்குப் போனது சுமார் 9 சதவீதம்தான்.

கேள்வி: பிளாஸ்டிக்கைக் குப்பையோடு எரித்துவிடலாமா?

வேண்டாம். பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். திறந்த வெளியில் எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், டையாக்சின்கள் என்ற நச்சுப் பொருள்களும் உண்டாகும்.

கேள்வி: பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியாவைக் கண்டுபிடித்துவிட்டார்களாமே?

உண்மைதான். 2016-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்த அதன் பெயர் இடியோனெல்லா சகாயென்சிஸ். அது தின்பது பெட் பிளாஸ்டிக்கை. பெட்டில் எஸ்டர் முடிச்சு இருக்கிறது, அதை அவிழ்க்கும் நொதி இதனிடம் இருக்கிறது. ஆனாலும் சோதனையில் தந்த மெல்லிய, ஒழுங்கற்ற அடுக்கு கொண்ட படலத்தைக் கரைக்கவே 30 டிகிரியில் சுமார் 6 வாரம் ஆனது. பாட்டிலின் பெட்டில் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதால் அது இன்னும் கடினம். நொதியை மேம்படுத்தித் தொழிற்சாலையில் பயன்படுத்தும் முயற்சிகளை நான் ஆவலோடு கவனித்து வருகிறேன். பாலித்தீன் வாளிக்கு மட்டும் இந்த நொதி உதவாது, அதற்கு வேண்டிய எஸ்டர் முடிச்சு அங்கே இல்லை.