நாம்சேயில் இரண்டு இரவு தங்குங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். ஞாயிறுதோறும் தாவரவியல் பூங்கா பக்கமிருந்து ஜீப் பாதையில் கொடிமலை ஏறுகிறேன். போன வருடம் சபாவின் கினபாலு மலையும் ஏறினேன். அக்டோபரில் தம்பியோடு எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போக ஆசை. எங்களுக்கு லீவு குறைவு. விமானம் இறங்கும் லுக்லாவிலிருந்து ஆறே நாளில் முகாமுக்குக் கூட்டிப்போவதாக ஓர் ஏற்பாட்டாளர் சொல்கிறார். உயரத்தால் வரும் நோய்க்கான டயாமாக்ஸ் மாத்திரை போட்டுச் சமாளிக்கலாமா? நான் சைவம்.

பதில்: உங்கள் கால் தாங்கும், சகோதரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆறு நாள் திட்டத்துக்குச் சம்மதிக்காதீர்கள்.

கினபாலுவில் ஒன்றும் ஆகவில்லையே என்று நம்மவர்கள் பலர் தைரியமாகக் கிளம்புகிறார்கள். அதன் உச்சி 4,095 மீட்டர். விடியலில் உச்சியைத் தொட்டு, அன்று மாலைக்குள் கீழே வந்துவிடுகிறோம். உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் போய்ச் சேர்ந்து சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். எவரெஸ்ட் பாதையிலோ அந்த உச்சியையும்விட உயரத்தில் நான்கு இரவாவது தூங்க வேண்டும்.

3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னோர் இரவு தங்க வேண்டும். மலை மருத்துவம் சொல்லும் கணக்கு இது. முதல் இரவு தங்கும் பாக்டிங் 2,610 மீட்டர், அடுத்த நாள் நாம்சே 3,440. இங்கேயே 830 மீட்டர் ஏறிவிடுகிறோம். அதனால்தான் நாம்சேயில் இரண்டு இரவு. அப்புறம் தெங்போச்சே, 4,410 மீட்டரில் டிங்போச்சே. அங்கேயும் இரண்டு இரவு. பிறகு லொபுச்சே. எட்டாம் நாள் கோரக்செப் வழியாக முகாம், 5,364 மீட்டர். பினாங்குக் கடற்கரையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிதான் அங்கே கிடைக்கும். உங்கள் ஏற்பாட்டாளர் வெட்டியிருப்பது அந்த இரண்டு கூடுதல் இரவுகளைத்தான்.

உடல்தெம்பு இதற்குக் கவசம் ஆகாது. எங்களோடு வந்த ஒரு காஜாங் பையன் மராத்தான் ஓடுபவன். லொபுச்சேயில் இரவுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வெறும் கேஸ்தான்" என்றான். ஷெர்பா வழிகாட்டி ஒன்றும் பேசவில்லை. பலகைத் தரையின் ஒரு கோட்டைக் காட்டி, குதிகாலும் விரலும் ஒட்டியபடி நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் பையன் சாய்ந்து மேசையைப் பிடித்தான். அரை மணி நேரத்தில் டார்ச் வெளிச்சத்தில் அவனைக் கீழே இறக்கினார்கள். அந்தத் தள்ளாட்டம் மூளை வீங்குவதன் அடையாளம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். எதுவானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே இறங்க வேண்டும். சீசனில், டிங்போச்சேக்குப் பக்கத்திலுள்ள பெரிச்சேயில் ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் இயங்கும்.

நாம்சேயில் கூடுதலாகத் தங்கும் நாளில் அறையில் படுத்திருக்காதீர்கள். கும்ஜுங் கிராமம் வரை ஏறிவிட்டு, தூங்க நாம்சேக்கு இறங்கிவிடுங்கள். உடம்பு பழக இதைவிட நல்ல வழி இல்லை. கல்வேலிக்குள் உருளைக்கிழங்கு வயல், பச்சைக் கூரை வீடுகள், எவரெஸ்ட் ஏறிய ஹில்லரி 1961இல் கட்டித்தந்த பள்ளிக்கூடம். அவசரத்தில் போகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பதே இல்லை, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். வழியில் பௌத்த மந்திரம் செதுக்கிய, 'மணி' எனப்படும் கற்சுவர்கள் வரும். கோயிலை வலம் வருவதுபோல, அவை உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடந்து போங்கள். மேலே போகப் போக மரமே இராது. யாக் சாணத்தை நம் பாட்டிமார் போலவே வறட்டி தட்டிச் சுவரில் காயவைத்திருப்பார்கள். மாலையில் விடுதிக் கூடத்து அடுப்பில் எரிவது அதுதான்.

டயாமாக்ஸ் நோயை மறைக்கும் மருந்தல்ல. மூச்சைக் கூட்டி, உடம்பு சீக்கிரம் பழக உதவும். நாள் கணக்குக்கு அது மாற்றாகாது. சல்பா வகை மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லி, டாக்டரிடம் கேட்டு அளவு வாங்குங்கள். விரல் நுனி மரமரப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அந்த மாத்திரையின் வழக்கம், பயப்படாதீர்கள்.

பயிற்சிக்குக் கொடிமலையே போதும். ஆனால் இறங்கும்போது ரயில் ஏறாதீர்கள், முட்டி பழகுவது இறக்கத்தில்தான். ஆறு கிலோ முதுகுப்பையோடு சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஏறி இறங்குங்கள். முதல் நாள் அலுப்போடு மறுநாளும் நடப்பதுதான் அங்கே தினசரி நிலை.

சைவம் பிரச்சினையே இல்லை. பருப்பும் சோறும் காய்கறியும் எல்லா விடுதியிலும் கிடைக்கும், கேட்டால் மறுசோறும் போடுவார்கள். காப்புறுதி 6,000 மீட்டர் வரையிலான மலைநடைக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் பொருந்துகிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். லுக்லா விமானம் வானிலை பார்த்துத்தான் பறக்கும், அதனால் இரண்டு நாள் உபரியாக வேண்டும். ஏற எட்டு, இறங்க நான்கு, காட்மாண்டுவையும் சேர்த்தால் பதினாறு நாள் ஆகும். அவ்வளவு லீவு இல்லையென்றால் இந்த அக்டோபரில் நாம்சே, கும்ஜுங், தெங்போச்சே வரை மட்டும் போய் வாருங்கள். தெங்போச்சே மடத்து வாசலில் நின்றாலே எவரெஸ்ட் தெரியும். முகாமுக்கு அடுத்த வருடம் தம்பியோடு லீவைச் சேர்த்துப் போகலாம்.