பதறாத மனிதரை ஆங்கிலத்தில் என்னவென்று எழுதுவது?

வாசகர் கேள்வி: என் குழுவில் இருக்கும் ஒருவருக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுகிறேன். எந்த நெருக்கடியிலும் பதறமாட்டார், யாரிடமும் எரிந்து விழமாட்டார். முதலில் 'சைலன்ட் அண்ட் சாஃப்ட்' என்று எழுதினேன், திருப்தி இல்லை. தேடியதில் பிளாசிட், ஃபிளெக்மாட்டிக், ஸ்டோயிக் என்று ஒரு பட்டியல் கிடைத்தது. எதைப் போடலாம்?

பட்டியலில் உள்ள மூன்றையும் விட்டுவிடுங்கள். 'காம்' (calm, நிதானமானவர்) அல்லது 'லெவல்-ஹெடட்' (level-headed, பதறாமல் யோசிப்பவர்) என்று எழுதினால் போதும். எளிய சொல் என்று தயங்க வேண்டாம்.

நீங்கள் முதலில் எழுதியது ஏன் உறுத்தியது என்று பார்ப்போம். தமிழில் 'அமைதியானவர்' என்றால் அதிகம் பேசாதவர் என்றும் கொள்ளலாம், நிதானம் இழக்காதவர் என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு. சைலன்ட் என்பது வாயைப் பற்றிய சொல், காம் என்பது மனதைப் பற்றியது. சைலன்ட் என்று படிப்பவர், இவர் கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார் போலிருக்கிறது என்று நினைப்பார். சாஃப்ட் என்றால் கண்டிப்பு இல்லாதவர் என்று ஆகிவிடும்.

இனி அந்தப் பட்டியல். பிளாசிட் அலையில்லாத ஏரிக்கும் சாதுவான பசுவுக்கும் பொருந்தும். வேலை பார்ப்பவருக்குப் போட்டால் கொஞ்சம் மந்தமானவர் என்ற வாடை வரும். ஃபிளெக்மாட்டிக் பழைய கிரேக்க மருத்துவத்திலிருந்து வந்த சொல். உடம்பில் நான்கு நீர்மங்கள் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அதில் கபம் மிகுந்தவர் எதற்கும் அசையாத, சோம்பலான சுபாவம் உள்ளவர். அந்தச் சோம்பல் இன்னும் சொல்லைவிட்டுப் போகவில்லை. ஸ்டோயிக் என்பவர் வலியை முகத்தில் காட்டாமல் தாங்கிக்கொள்பவர். நீண்ட நோயைப் பொறுத்துக்கொண்டவருக்கு அருமையான சொல், அலுவலகக் கடிதத்துக்கு அல்ல.

இந்தப் பட்டியல்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. 'காம் என்பதற்கு இணைச்சொல் தருக' என்று கேட்டு, பிளாசிட் என்று எழுதினால் முழு மதிப்பெண் போடும் தேர்வுமுறைதான் இதற்கு வேர். எந்தச் சொல்லை யாருக்குச் சொல்லலாம் என்று எவரும் கற்றுத்தருவதில்லை. அந்த ஓட்டையில் பிழைப்பவர்கள் 'பவர் வேர்ட்ஸ்' என்று பகட்டான சொற்பட்டியல் விற்பவர்களும், காசு வாங்கிக்கொண்டு சுயவிவரம் எழுதித் தருபவர்களும். ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றிப் பத்துப் பேருக்குக் கொடுப்பார்கள். அப்படி வந்த கடிதம் ஒன்றில் ஒரு பொறியாளரை 'டோசைல்' என்று எழுதியிருந்தார்கள். சாந்தமானவர் என்று நினைத்துப் போட்டிருக்கிறார்கள். அதற்கு அர்த்தம், சொன்னபடி ஆடுகிறவர். தயவுசெய்து இவர்களிடம் போகாதீர்கள்.

'ஈவன்-டெம்பர்ட்' என்ற நல்ல சொல்லும் உண்டு. எரிந்து விழாதவர் என்பதற்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது. ஆனால் இதில் ஒரு சிக்கல், இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். டெம்பர் என்றாலே கோபம் என்றுதான் நமக்குப் பழக்கம். 'ஹீ ஹாஸ் எ டெம்பர்' என்றால் கோபக்காரர் என்பதே பொருள். ஆனால் இதன் லத்தீன் மூலத்துக்கு 'சரியான அளவில் கலப்பது' என்று அர்த்தம், மனதின் கலவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 'லாஸ்ட் ஹிஸ் டெம்பர்' என்றால் அந்தக் கலவை கெட்டுக் கோபப்பட்டார். 'கெப்ட் ஹிஸ் டெம்பர்' என்றால் நிதானம் தவறவில்லை. ஒரே சொல், இரண்டு திசை. அதனால் சீரான என்று பொருள்படும் 'ஈவன்' என்பதை முன்னால் ஒட்டி, கடைசி 'ட்'டை விடாமல், ஒரே சொல்லாக எழுதுங்கள். பிரித்து 'குட் டெம்பர்' என்று எழுதினால் அந்த நேரத்து மனநிலை என்றாகிவிடும்.

'அன்ஃபிளாப்பபிள்' என்றும் எழுதலாம். ஃபிளாப் (flap) என்றால் பேச்சு வழக்கில் பதற்றம், இது பதறவைக்க முடியாதவர். 1957 முதல் 1963 வரை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த ஹெரால்ட் மேக்மில்லனுக்கு ஒட்டிக்கொண்ட அடைமொழி அது. கொஞ்சம் இலகுவான சொல், அவ்வளவுதான்.

எந்தச் சொல்லைப் போட்டாலும் அதன் கீழே ஒரு சம்பவம் எழுதுங்கள். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்தின இரவு கோப்பு அழிந்துபோனபோது, அவர் யாரையும் குறை சொல்லாமல் உட்கார்ந்து வேலையைப் பிரித்துக்கொடுத்தார் என்பது போல இரண்டு வரி. அப்புறம், 'வெரி காம்' என்று எழுதியிருந்தால் அந்த 'வெரி'யை எடுத்துவிடுங்கள்.