வாசகர் கேள்வி பதில்: வல்லரசுகள் சேராத அணு ஆயுதத் தடை

கேள்வி: அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒன்பது நாடுகளில் ஒன்றுகூட ஏற்காத அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்திற்காக மருத்துவர்களும் தொண்டு அமைப்புகளும் ஏன் இத்தனை ஆண்டுகள் பாடுபட்டார்கள்? அது வெறும் காகிதம்தானே?

பதில்: அந்த ஒன்பது நாடுகளும் வந்தால்தான் தொடங்குவது என்று காத்திருந்தால் காலம்தான் ஓடும் என்பதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். 1970-இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆறாவது பிரிவு, ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்த வேண்டும் என்கிறது. ஆனால் அதன் மறுஆய்வு மாநாடுகளில் எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்ற வழக்கம் இருப்பதால், ஒரு நாடு முரண்டு பிடித்தாலே எல்லாம் நின்றுவிடும்.

2007-இல் மெல்போர்னில் மருத்துவர்களின் முன்முயற்சியால் தொடங்கப்பட்ட ஐகேன் (அணு ஆயுத ஒழிப்புக்கான சர்வதேசப் பிரசார இயக்கம்) என்ற கூட்டியக்கம் பேச்சின் திசையையே மாற்றியது. எந்த நாட்டிடம் எத்தனை ஏவுகணை என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, ஒரு நகரத்தின் மீது குண்டு விழுந்தால் தீக்காயம் பட்டவர்களுக்கு யார் சிகிச்சை அளிப்பார்கள் என்று அது கேட்டது. 2013-இல் ஓஸ்லோவிலும், 2014-இல் மெக்சிகோவின் நயாரித்திலும் வியன்னாவிலும் அரசுகள் கூடி இதையே விவாதித்தன. பிறகு ஐ.நா. பொதுச்சபையின் விதிகளின்படி, எவருக்கும் வீட்டோ இல்லாத மாநாட்டில், 2017 ஜூலை 7 அன்று 122 நாடுகளின் ஆதரவுடன் இந்தத் தடை ஒப்பந்தம் நிறைவேறியது. சிங்கப்பூர் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொள்ள, எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு நெதர்லாந்து. நேட்டோ நாடுகளில் அங்கே வந்து அமர்ந்ததும் அது ஒன்றுதான். அந்நாட்டுக் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டி நாடாளுமன்றத்தில் விவாதம் நடக்கச் செய்ததால், அரசால் மற்றவர்களைப் போல் புறக்கணிக்க முடியவில்லை. அந்த எதிர்ப்பு வாக்கை இயக்கத்தின் தோல்வியாக நான் கருதவில்லை.

2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் இருந்தாலும், சேராத நாடுகளை இது கட்டுப்படுத்தாது. ஆயுதங்களை அழிப்பதைச் சரிபார்க்கும் முறைகளையும் பெரும்பாலும் பின்னாளுக்கே விட்டிருக்கிறது. இக்குறைகள் உண்மையானவை. ஆனால் ஒப்பந்தம் நிறைவேறிய ஆறே மாதங்களில், நெதர்லாந்தின் மிகப் பெரிய ஓய்வூதிய நிதியமான ஏபிபி, அணு ஆயுத உற்பத்தியில் ஈடுபடும் நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்கிக்கொள்வதாக அறிவித்தது. அரசு கையெழுத்திடாத நாட்டிலேயே பணம் இடம்பெயரத் தொடங்கியது என்பதைக் காகிதம் என்று ஒதுக்க முடியுமா?

கேள்வி: அணு ஆயுதமே இல்லாத கசகஸ்தானும் பசிபிக் தீவு நாடான கிரிபாட்டியும் இதில் சேர்ந்து என்ன ஆகப்போகிறது?

பதில்: அணுகுண்டின் பாதிப்பை உடம்பில் சுமக்கும் மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கசகஸ்தானின் செமிபலாத்தின்ஸ்க் களத்தில் 1949 முதல் 1989 வரை சோவியத் ஒன்றியம் 456 சோதனைகளை நடத்தியது. கிரிபாட்டியின் கிரிதிமாத்தி தீவைப் பிரிட்டனும் அமெரிக்காவும் சோதனைக் களமாக்கின. முந்தைய சோதனைத் தடை ஒப்பந்தங்களில் பாதிக்கப்பட்டோருக்கான நிவாரணம் இடம்பெறவில்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியோரும் சோதனைக் களங்களைச் சுற்றி வாழ்வோரும் விடாமல் வற்புறுத்தியதால், மருத்துவ உதவியும் நிலச் சீரமைப்பும் இந்த ஒப்பந்தத்தின் ஆறாம், ஏழாம் பிரிவுகளில் கடமைகளாயின. சோதனை நடத்திய நாடு உறுப்பினராகச் சேர்ந்தால் உதவும் பொறுப்பும் அதற்கு வந்துவிடும். அதுவரை, மற்ற உறுப்பு நாடுகளின் உதவியைக் கேட்டுக்கொண்டு, பாதிக்கப்பட்ட நாடுகளே அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கிறது.