அடித்துச் செய்த கத்தியா, தகட்டில் வெட்டிய கத்தியா?

கேள்வி: வீட்டில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நறுக்கும் வேலை இருக்கிறது. சில மாதங்களாகக் கட்டைவிரலின் அடியில் வலி. கத்தி வாங்கப் போன இடத்தில், ‘ஸ்டாம்ப்டு கத்தி வெறும் தகடு, ஆறே மாதத்தில் மழுங்கிவிடும், ஃபோர்ஜ்டு கத்தி இரண்டு தலைமுறைக்கு உழைக்கும்’ என்று சொல்லி, நான்கு மடங்கு விலையில் ஏழு கத்திகள் கொண்ட செட் ஒன்றைக் காட்டினார்கள். உண்மையிலேயே அவ்வளவு வித்தியாசம் இருக்கிறதா?

பதில்: இல்லை. ஃபோர்ஜ்டு (அடித்துச் செய்தது), ஸ்டாம்ப்டு (தகட்டில் வெட்டியது) என்ற இரண்டு சொற்களும் எஃகு எந்த வழியில் கத்தியின் உருவத்துக்கு வந்தது என்பதை மட்டுமே சொல்கின்றன. அதன் கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதை அவை சொல்வதில்லை. உங்கள் கைவலியையும் சேர்த்துப் பார்க்கும்போது, தகட்டில் வெட்டிய, எடை குறைந்த நல்ல கத்தி ஒன்றும் ஒரு சாணைக்கல்லும் உங்களுக்குப் போதும். அந்த செட் வேண்டாம்.

தொழிற்சாலையில் நடப்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஸ்டாம்ப்டு கத்தியை, உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கிய எஃகிலிருந்து அச்சு வைத்து வெட்டியெடுக்கிறார்கள். இப்போது பல இடங்களில் அச்சுக்குப் பதிலாக லேசர் வெட்டுகிறது. ஃபோர்ஜ்டு கத்தியை, எஃகுத் துண்டைப் பழுக்கக் காய்ச்சி இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து, எந்திரச் சம்மட்டியால் அடித்து உருவாக்குகிறார்கள். அப்படி அடிக்கும்போது ஓரங்களில் பிதுங்கும் மிச்ச எஃகை நீக்குவதற்காக, இந்தக் கத்தியும் பிறகு ஒரு வெட்டும் அச்சுக்குள் போய்த்தான் வருகிறது. விளம்பரப் படத்தில் தீப்பொறி பறப்பதைக் காட்டுகிறவர்கள் இந்தக் கட்டத்தை மட்டும் காட்டுவதில்லை.

உருவம் வந்த பிறகு இரண்டு கத்திகளும் ஒரே பாதையில் போகின்றன. துருப்பிடிக்காத எஃகாக இருந்தால் 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, விரைவாகக் குளிர்வித்து, பிறகு மிதமான சூட்டில் மீண்டும் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். கொல்லுப்பட்டறையில் தோய்ச்சல் என்று சொல்லும் இந்த வேலையில்தான் கூர் நிற்பதும் நிற்காததும் முடிவாகிறது. அடிப்பதால் எஃகின் மூலக்கூறுகள் நெருங்கிக் கத்தி இறுகிவிடும் என்று கடைகளில் சொல்வது வெறும் கதை: சம்மட்டி அடியால் எஃகின் அடர்த்தி கூடுவதில்லை, அதன் உட்துகள்களின் அளவைத் தீர்மானிப்பது கடைசியாகக் கொடுத்த சூடுதான். போதாக்குறைக்கு, தகடும் எஃகாலையில் சூடாக உருட்டி நசுக்கப்பட்டே வந்திருக்கிறது. அதற்கு அடி குறைவு என்று யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை.

இந்தப் பதத்தின் விளைவை ராக்வெல் சி என்ற கடினத்தன்மை எண்ணால் அளக்கிறோம். ஐரோப்பிய பாணி வீட்டுக் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 58 வரையிலும், ஜப்பானியக் கத்திகள் பல 60க்கு மேலும் இருக்கும். சுமார் 0.5 சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் கொண்ட, ஜெர்மானிய எண்முறையில் 1.4116 எனப்படும் எஃகில் ஃபோர்ஜ்டு கத்தியும் செய்கிறார்கள், ஸ்டாம்ப்டு கத்தியும் செய்கிறார்கள். இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் ஒன்றிரண்டு எண்தான் வேறுபாடு. அதைத் தலைமுறைக் கணக்காக்கி விற்பது வியாபாரம்.

உங்கள் கைக்கு வருவோம். இருபது சென்டிமீட்டர் நீளமுள்ள ஃபோர்ஜ்டு கத்தி சுமார் 250 கிராம் இருக்கும். அதே நீளமுள்ள ஸ்டாம்ப்டு கத்தி 200 கிராமுக்குள் அடங்கும். கனமான கத்தி தன் எடையாலேயே இறங்கும் என்பது கடினமான கிழங்கை நறுக்கும்போது ஓரளவு உண்மைதான், ஆனால் அதை ஆயிரம் முறை மேலே தூக்குவது உங்கள் மணிக்கட்டு. மழுங்கிய கத்தியோ இன்னும் மோசம், ஏனென்றால் அதை அழுத்துகிற வேலை முழுவதும் கட்டைவிரலின் அடியில் வந்து விழுகிறது. கத்தி மாற்றிய பிறகும் வலி தொடர்ந்தால், அது மருத்துவரிடம் கேட்க வேண்டிய விஷயம்.

இனி, நான் நாள்தோறும் பார்த்துச் சலித்துப்போன ஏமாற்றுகளைச் சொல்கிறேன். முதலாவது, கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தடித்த கழுத்து. போல்ஸ்டர் எனப்படும் அதைப் பார்த்தால் ஃபோர்ஜ்டு என்று தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். தகட்டுக் கத்திக்குத் தனியாக ஒரு கழுத்தைப் பற்றவைத்து மெருகேற்றிவிட்டால், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது எனக்கே கடினம். உண்மையான போல்ஸ்டராகவே இருந்தாலும், அது கூர்விளிம்பின் அடிவரை முழுமையாக இறங்கியிருந்தால் தயவுசெய்து அந்தக் கத்தியை வாங்காதீர்கள். சாணை பிடிக்கப் பிடிக்கக் கூர்விளிம்பு தேயும், அந்தக் கட்டை தேயாது. சில ஆண்டுகளில் அது பலகையில் முட்டிக்கொண்டு நிற்க, அதற்கு முன்னால் உள்ள கூர் பலகையைத் தொடாது, நறுக்கியதெல்லாம் தோரணம்போல ஒட்டிக்கொண்டு வரும்.

இரண்டாவது, ‘சர்ஜிகல் ஸ்டீல்’, ‘ஜெர்மன் ஸ்டீல்’ போன்ற பெயர்கள். எஃகின் எண்ணைச் சொல்லாத வரை இவற்றுக்குப் பொருளே கிடையாது. அலகில் நீரலைபோல ஓடும் கோடுகளும் அப்படித்தான்: பல கத்திகளில் அவை லேசரால் மேலே வரைந்தவை, அசலாக இருக்கும் கத்திகளிலும் பெரும்பாலும் வெட்டுகிற நடுப்பகுதிக்கு வெளியே உள்ள உறைதான் அந்தக் கோலம்.

மூன்றாவது காந்தம். காந்தம் ஒட்டினால் அது துருப்பிடிக்காத எஃகு அல்ல என்று வாடிக்கையாளரைப் பயமுறுத்தி விலை உயர்ந்த கத்தியின் பக்கம் தள்ளுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். உண்மை நேர்மாறானது. பதமேற்றக்கூடிய கத்தி எஃகில் காந்தம் ஒட்டியே ஆக வேண்டும். காந்தம் ஒட்டாத எஃகு பாத்திரத்துக்குச் சரி, நறுக்கும் கத்திக்கு உதவாது.

நான்காவது, ‘வாழ்நாள் உத்தரவாதம்’. அது தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டுமே பொருந்தும், மழுங்குவதற்குப் பொருந்தாது. இதைச் சொல்லிச் சொல்லியே செட்டை விற்கிறார்கள். செட்டில் உள்ள ஏழில் நீங்கள் தினமும் எடுக்கப்போவது இரண்டு. மற்ற ஐந்தின் விலையில்தான் விற்பவரின் தரகுத் தொகை உட்கார்ந்திருக்கிறது.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைச் சொல்லாவிட்டால் கொல்லர்களுக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். ஒருவரே உலையில் காய்ச்சி, கையால் அடித்து, தாமே தோய்ச்சலும் போடுகிற கார்பன் எஃகுக் கத்தியில் சம்மட்டிக்கு உண்மையான மதிப்பு உண்டு. அடி எஃகை இறுக்குவதால் வருகிற மதிப்பல்ல அது. கழுத்தில் தடிமனாகத் தொடங்கி நுனியை நோக்கிச் சீராக மெலிகிற அலகை, எஃகை வீணாக்காமல் சம்மட்டியாலேயே இழுத்துவிட முடிகிறது. கடினமான எஃகை நடுவில் வைத்து இரு பக்கமும் மிருதுவான இரும்பை உலைச்சூட்டிலேயே ஒட்டவும் முடிகிறது. அதனால் கூர்விளிம்பு மிகக் கடினமாகவும், உடல் முறியாததாகவும், சாணைக்கு எளிதாகவும் அமைகிறது. சூட்டை நிறம் பார்த்தே கணிக்கும் அவர்களில் பலர், எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்தால் ஈர்க்கப்படுவதை நிறுத்திவிடும் என்பதையும் ஓர் அளவுகோலாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட கத்தியை நறுக்கி முடித்த கையோடு துடைத்து வைக்காவிட்டால் துருவேறும், எலும்பில் பட்டால் விளிம்பு சில்லாகப் பெயரும். கையால் அடித்தது என்று விற்பவற்றிலும், ஆலையிலேயே அடுக்கு ஒட்டி வந்த பட்டையில் செய்தவை கணிசமாக உண்டு. செய்தவரை நேரில் தெரியுமானால் வாங்குங்கள், இல்லையென்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

இவ்வளவு குழப்பத்துக்கும் இடமே இருக்கக் கூடாது என்பதுதான் என் ஆற்றாமை. கத்தியின் கூர்மையையும் அது நிற்கும் காலத்தையும் அளக்க ஐ.எஸ்.ஓ. 8442 தரநிலையின் ஐந்தாம் பகுதியில் தெளிவான சோதனை இருக்கிறது: நுண்மணல் கலந்த அட்டைக் கட்டின்மேல் கத்தியை முன்னும் பின்னுமாக 60 முறை ஓடவிட்டு, மொத்தம் எவ்வளவு ஆழம் வெட்டியது என்று கணக்கிடுகிறார்கள். அந்த ஒரே ஓர் எண்ணைப் பெட்டியில் அச்சிட்டால் உங்கள் கேள்வியே எழுந்திருக்காது. அப்படி அச்சிட்ட பெட்டி எதையும் நான் இதுவரை கடையில் பார்த்ததில்லை. கடினத்தன்மை எண்ணை அச்சிடுகிறவர்களிலும், நான் கருவியில் வைத்து அளந்தபோது அதைவிடக் குறைவாக வந்த கத்திகள் உண்டு. கேட்பதற்கு ஆளில்லை.

ஆகவே கடையில் இவற்றைப் பாருங்கள். கத்தியை நுனி உங்களை நோக்காதபடி பிடித்து, முதுகை மேலிருந்து பாருங்கள். நுனியை நோக்கிச் சற்றேனும் மெலிந்தால் நல்லது. கூர்விளிம்புக்குச் சற்று மேலே அலகு மெல்லியதாக இருக்க வேண்டும், ஏனென்றால் அங்கே தடித்த கத்தி எவ்வளவு தீட்டினாலும் வெட்டாமல் பிளக்கத்தான் செய்யும். கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் அலகின் அடியைக் கவ்விப் பிடித்துப் பாருங்கள். முதுகின் ஓரம் விரலை அறுத்தால் விட்டுவிடுங்கள். எஃகின் எண்ணையும் கடினத்தன்மை எண்ணையும் கேளுங்கள். 55க்கும் 58க்கும் இடைப்பட்டது என்று தயாரிப்பாளரே எழுதித் தந்திருந்தால், ஸ்டாம்ப்டு என்ற சொல்லுக்காகப் பின்வாங்க வேண்டாம்.

மிச்சமாகும் பணத்தில் 1000 எண் (கல்லின் நுண்மையைக் குறிக்கும் எண்) சாணைக்கல் ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்துக்குச் சுமார் 15 முதல் 20 டிகிரிச் சாய்வில் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை தீட்டுங்கள். தண்ணீர் ஊற்றாத வேகச் சக்கரத்தில் சாணை பிடிப்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள்: பொறி பறக்க அவர் உரசும் சில நொடிகளில் விளிம்பு சூடேறி நீலம் பூத்துவிட்டால், தோய்ச்சலில் வந்த பதம் அந்த இடத்தில் போய்விடும், பிறகு அது ஃபோர்ஜ்டு கத்தியாக இருந்தாலும் வாரம் தாங்காது.