டாசன் நகர ஆணையர் மாளிகை: அஞ்சலட்டையில் இருப்பது வேறு வீடா?

கனடாவின் யூகான் பகுதியிலுள்ள டாசன் நகரில், அப்பகுதியின் நிர்வாகத் தலைவரான ஆணையருக்காகக் கட்டிய மாளிகையை நேரில் பார்த்தபோது எளிய முகப்போடு இருந்தது, பழைய அஞ்சலட்டையிலோ அலங்காரமாகத் தெரிகிறது, இது வேறு வீடா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே வீடுதான். யூகான் ஆற்றங்கரையில் 1901-ல் கட்டியபோது, கட்டடக் கலைஞர் ஃபுல்லரின் வடிவமைப்பில், தாழ்வாரம் முழுக்க உங்கள் அஞ்சலட்டையில் தெரிகிற மாதிரி மரவேலைப்பாடு இழைத்திருந்தது. 1906 கிறிஸ்துமஸ் சமயத்தில் தீப்பிடித்தது, அப்புறம் எடுத்துக் கட்டியபோது அந்த அலங்காரமெல்லாம் போய், நீங்கள் நேரில் பார்த்த எளிய முகப்பு வந்தது. தங்க வேட்டை அடங்கி ஊர் காலியாகிக்கொண்டிருந்த நேரம் அது, முன்போலச் செலவழிக்க மனம் வராததும் காரணமாக இருக்கலாம்.

தாழ்வாரத் தூண்களுக்கு மேலே பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சரிகை போன்ற மரவேலை தெரிந்தால் படம் தீக்கு முந்தையது.

தபால் முத்திரையின் ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம், பழைய படத்தையே அஞ்சலட்டையில் பல வருடம் விற்பார்கள்.